பாட்டன் வீட்டுச் சுவரில் சிமென்ட் பூசாதீர்கள்

நம்பிக்கைகளும் உண்மைகளும்

"சுண்ணாம்புச் சுவர் சார், கை வெச்சாலே கொட்டுது. மேல ஒரு கோட்டிங் சிமென்ட் அடிச்சிட்டா ஸ்ட்ராங் ஆயிடும். அப்புறம் நூறு வருஷத்துக்குக் கவலையே இல்ல."

இதைக் கேட்காமல் நான் ஒரு கல்யாணத்திலிருந்தும் திரும்பியதில்லை. கும்பகோணத்துக்காரர் சொல்கிறார், காரைக்குடிக்காரர் சொல்கிறார். விடுமுறைக்கு சிங்கப்பூரிலிருந்து வந்து, தாத்தா வீட்டைக் காண்ட்ராக்டர் இல்லாமல் தன் கையாலேயே புதுப்பிக்கப் போகிறேன் என்று கிளம்பியிருக்கும் பிள்ளையும் சொல்கிறான். யார் சொன்னார் என்று கேட்டால் கொத்தனார் என்பார்கள். கொத்தனாரைக் கேட்டால் "எல்லாரும் அப்படித்தானே சார் பண்றாங்க" என்பார். இப்போது யூடியூபும் சேர்ந்துகொண்டது. பழைய பூச்சைக் கொத்தி எறிவதை வேக வேகமாக ஓட்டிக் காட்டி, பளிச்சென்ற சிமென்ட் சுவரில் முடிக்கிறார்கள். அந்தச் சுவர் ஐந்தாறு மழைக்காலத்துக்குப் பிறகு எப்படி இருக்கிறது என்று திரும்பிப் போய்ப் படமெடுத்துப் போட்டவரை நான் பார்த்ததில்லை.

நூறு வயது வீடுகளைப் பற்றி உலவும் நம்பிக்கைகளில் அதிக வீடுகளைக் கெடுத்துக்கொண்டிருப்பது இதுதான். மற்றவற்றைப் பின்னால் பார்க்கலாம். முதலில் இதை ஒரு கை பார்த்துவிடுகிறேன்.

பூச்சு எதைத் தாங்குகிறது?

எதையும் தாங்குவதில்லை. வீட்டைத் தாங்குவது சுவர். பூச்சு அதன் மேல் கிடக்கிற முக்கால் அங்குலத் தோல். அதை எவ்வளவு கெட்டியாக்கினாலும் உள்ளே இருக்கும் செங்கல் கட்டுக்கு ஒரு கிலோ பலமும் கூடாது.

சரி, உள்ளே இருக்கும் சுண்ணாம்புக் கட்டாவது போதுமான பலம் உள்ளதா? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கன மீட்டர் செங்கல் கட்டின் எடை ஏறக்குறைய 1,900 கிலோ. 10 மீட்டர் உயரச் சுவர் என்றே வைத்துக்கொள்வோம். அதன் அடியில் ஒரு சதுர சென்டிமீட்டரில் விழும் சொந்த எடை 1.9 கிலோ. மாடி, கூரை, கல்யாணக் கூட்டம் எல்லாவற்றையும் சேர்த்து இரட்டிப்பாக்கினாலும் 4 கிலோவைத் தாண்டாது. நன்றாக இறுகிய சுண்ணாம்புக் கட்டு இதற்கு மேலும் தாங்கும். உங்கள் பாட்டன் ஒன்றரை அடி, இரண்டு அடி கனத்தில் சுவர் வைத்தது இந்தப் பாரத்தை அகலமாகப் பரப்பத்தான். பலக்குறைவு என்பது அந்த வீட்டில் இல்லாத நோய். இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்துத்தான் புது நோயை உண்டாக்குகிறோம்.

இன்னொன்றையும் யோசியுங்கள். இந்தியாவில் சிமென்ட் தயாரிக்கச் சென்னையில் 1904-ல் செய்த முயற்சி நிலைக்கவில்லை. போர்பந்தர் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது 1914-ல். அப்படியென்றால், 1920-களில் நம் ஊர்களில் எழுந்த வீடுகளில் பெரும்பாலானவை சிமென்டையே பார்க்காமல் கட்டி முடிக்கப்பட்டவை. அவை புயலையும் வெள்ளத்தையும் பார்த்துவிட்டு நிற்கின்றன. நீங்கள் வாங்கி வந்த ஐம்பது கிலோ மூட்டைதான் அவற்றைக் காப்பாற்றப் போகிறதா?

தண்ணீர் எங்கே போகும்?

இதுதான் விஷயத்தின் அடிவேர். இன்றைய வீடுகளில் அஸ்திவாரத்துக்கும் சுவருக்கும் நடுவே ஈரம் ஏறாமல் தடுக்க ஒரு பட்டை போடுகிறோம். பழைய வீடுகளில் பெரும்பாலும் அது கிடையாது. நிலத்திலிருந்து ஓதம் செங்கல்லின் நுண்துளை வழியாக மேலே ஏறிக்கொண்டேதான் இருக்கும். அந்தக் காலத்து மேஸ்திரிக்கு இது தெரியாமல் இல்லை. ஏறுகிற ஈரம் ஏறட்டும், வழியிலேயே காய்ந்து வெளியேறட்டும் என்பது அவர் கணக்கு. சுண்ணாம்புப் பூச்சு நுண்துளை நிறைந்தது. ஈரம் அதன் வழியே ஆவியாகிப் போய்விடும். மண் எவ்வளவு கொடுக்கிறதோ அவ்வளவையும் காற்று எடுத்துக்கொள்ளும். சுவர் முழங்கால் உயரத்துக்கு மேல் நனையாது.

அதன் மேல் சிமென்டைப் பூசினால், ஈரத்துணியை பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டியது போல ஆகும். ஈரம் நிற்காது, வெளியேறும் வழி மட்டும் அடைபடும். பக்கவாட்டில் போக முடியாத தண்ணீர் மேலே ஏறும். "மூணடி உயரத்துக்கு சிமென்ட் அடிச்சேன் சார், இப்ப அஞ்சடியில உப்பு பொரியுது" என்று அங்கலாய்க்கிறார்களே, காரணம் இதுதான். உடனே என்ன செய்கிறார்கள்? ஆறடிக்கு சிமென்ட் பூசுகிறார்கள்! அதன் மேல் வாட்டர் ப்ரூஃப் திரவம், அதற்கும் மேல் வால் புட்டி, அக்ரிலிக் பெயின்ட். பைக்கு மேல் பை.

உப்பு செய்யும் வேலை

நிலத்தடி நீர் வெறும் நீராக வருவதில்லை, உப்பையும் கரைத்துக்கொண்டு வருகிறது. ஈரம் எங்கே ஆவியாகிறதோ அங்கே உப்பு படிகமாகும். படிகம் வளரும்போது சுற்றியுள்ளதை நெட்டித் தள்ளும். சுண்ணாம்புப் பூச்சில் இது பெரும்பாலும் பூச்சின் மேற்புறத்தில் நடக்கும். பூச்சு பொரிந்து உதிரும், நீங்கள் கூட்டி அள்ளிவிட்டுப் புதிதாகப் பூசுவீர்கள். உதிர வேண்டியது உதிர்கிறது, செங்கல் பிழைத்துக்கொள்கிறது. "தொட்டாலே கொட்டுகிறது" என்று எதைக் குறை சொல்கிறீர்களோ, அதுதான் அந்தப் பூச்சு உங்கள் வீட்டுக்குச் செய்யும் ஊழியம்.

சிமென்ட் பூசிய சுவரில் இதே உப்பு பூச்சுக்குப் பின்னால், செங்கல்லுக்குள்ளேயே படிகமாகிறது. போதாக்குறைக்கு சிமென்டும் தன் பங்குக்குக் கரையும் உப்பைச் சேர்க்கிறது. வெளியே சுவர் வழவழவென்று இருக்கும். உள்ளே நாட்டுச் செங்கல் மாவாகிக்கொண்டிருக்கும். ஒருநாள் அந்தப் பூச்சு பாளம் பாளமாகக் கழன்று விழும்போது செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டுதான் விழும். "பக்கத்து வீட்டுக்காரர் பூசிப் பல வருஷம் ஆச்சு, நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்பவர்கள், அந்தச் சுவரை விரல் மடக்கித் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று சத்தம் வந்தால் பூச்சு சுவரை விட்டு எப்போதோ பிரிந்துவிட்டது என்று பொருள்.

மூன்றாவது சங்கடம் அசைவு. வீடு வெயிலில் விரியும், இரவில் சுருங்கும், மண் இறுகி இளகும்போது மயிரிழை அசையும். சுண்ணாம்பு விட்டுக்கொடுக்கும், சிறு விரிசல்களைத் தானே ஓரளவு மூடிக்கொள்ளவும் செய்யும். சிமென்ட் விட்டுக்கொடுக்காது, வெடிக்கும். அந்த வெடிப்பு வழியாக மழைத் தண்ணீர் உள்ளே போகும். உள்ளே போனது வெளியே வராது. கட்டுக் கலவை செங்கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும் என்பது எங்கள் கட்டுமானத் தொழிலின் பாலபாடம். மென்மையான நாட்டுச் செங்கல்லுக்குக் கடுமையான கலவையைக் கொடுத்தால் உடைவது செங்கல்தான்.

"சுண்ணாம்பு மழையில் கரையுமே" என்பது அடுத்த கேள்வி. சுண்ணாம்புக் கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கி, நீர் விட்டு நீற்றிப் பூசுகிறோம். பூசிய பிறகு அது காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உறிஞ்சி மறுபடியும் சுண்ணாம்புக் கல்லாகவே மாறுகிறது. மாறி முடித்ததை மழை அவ்வளவு எளிதில் கரைத்துவிடாது. மேல்தோல் தேயும். அதற்காகத்தான் ஆண்டுதோறும் பொங்கலுக்கு வெள்ளையடித்தார்கள். அது வெறும் அலங்காரம் என்று நினைத்து நிறுத்தினோம். அது பராமரிப்பு.

அரசாங்கமே என்ன செய்கிறது என்று பாருங்கள். சேப்பாக்கம் கலச மகாலில் 2012 ஜனவரியில் தீப்பிடித்தது. அதைப் பொதுப்பணித் துறை மீட்டெடுத்தபோது கையில் எடுத்தது சுண்ணாம்புக் கலவையைத்தான். சிமென்ட் வாங்கக் காசில்லாமலா?

எனக்கு சிமென்டின் மேல் பகையில்லை. என் பிழைப்பில் பெரும்பகுதி அதில்தான் ஓடியது. புது வீட்டுக்கு அது நல்ல பொருள். நூறு வயது சுவருக்கு அது பொருந்தாது, அவ்வளவுதான்.

அப்படியானால் என்ன செய்வது?

தாமாகவே வேலையில் இறங்குபவர்கள் இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

முதலில் தண்ணீரைக் கவனியுங்கள், சுவரைத் தொடாதீர்கள். உடைந்த ஓட்டை மாற்றுங்கள். முற்றத்துத் தூம்பு அடைத்திருந்தால் திறந்துவிடுங்கள். சுவரை ஒட்டிப் போட்ட சிமென்ட் தளத்தைப் பெயர்த்தெடுத்து மண்ணை மூச்சுவிட விடுங்கள். மழைநீர் சுவரிலிருந்து விலகி ஓடுமாறு சரிவு கொடுங்கள். நம் தெருக்களில் சாலை ஒவ்வொரு முறையும் உயர்ந்து வீடு பள்ளமாகிக்கொண்டே போகிறது. வாசல் தண்ணீர் திண்ணையடியில் தேங்குகிறதா என்று ஒரு மழையில் நின்று பாருங்கள். பாதி ஓதம் இதிலேயே இறங்கிவிடும்.

அடுத்து, சுவரைக் காய விடுங்கள். முன்பு யாரோ பூசிய சிமென்ட் இருந்தால், கீழ்ப்பகுதியில் ஒரு சதுர அடியை மட்டும் உளியும் சுத்தியலும் வைத்துக் கையால் எடுத்துப் பாருங்கள். சிப்பிங் மெஷினை அந்த வீட்டுப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அதன் அதிர்ச்சிக்கு நல்ல கட்டும் ஆட்டம் காணும். செங்கல் முகம் பெயராமல் சிமென்ட் வந்தால் மெதுவாக மேலே போகலாம். செங்கல்லும் சேர்ந்து வந்தால் நிறுத்திவிட்டுத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

பிறகுதான் பூச்சு. சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் போட்டு நீற்றுங்கள். சுண்ணாம்புக் குவியல் மேல் தண்ணீரைக் கொட்டாதீர்கள். அது கொதிக்கும், தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வை போகலாம். கண்ணாடியும் கையுறையும் போடாமல், குழந்தைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்யாதீர்கள். பிளாஸ்டிக் வாளியும் வேண்டாம், உருகிவிடும். நீற்றியதைத் தண்ணீருக்கடியில் வாரக்கணக்கில் ஊறவிட்டு, சலித்த ஆற்று மணல் ஒன்றுக்கு மூன்று சேருங்கள். ஓதமுள்ள இடத்தில் மணலில் ஒரு பங்குக்குப் பதில் நன்றாக வெந்த செங்கல்லின் தூளைச் சேர்க்கலாம். சுர்க்கி என்று மேஸ்திரிகள் சொல்வது இதுதான். சுவரை நனைத்து, அரை அங்குலத்துக்கு மிகாமல், படிப்படியாகப் பூசுங்கள். நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு ஈரம் காத்துவாருங்கள். தை பிறந்ததும் தொடங்குவது நல்லது. சித்திரை வெயிலில் பூசினால் வெடிக்கும், ஐப்பசியில் பூசினால் இறுகாது. கடைசியில் சுண்ணாம்பு வெள்ளை. புட்டி வேண்டாம், பிளாஸ்டிக் பெயின்டும் வேண்டாம்.

"கொஞ்சூண்டு சிமென்ட் கலந்தா சீக்கிரம் பிடிக்கும் சார்" என்று கொத்தனார் சொல்வார். சீக்கிரம் பிடிக்கும்தான். அவருக்கு மறுநாள் வேறு வேலை இருக்கிறது. உங்களுக்கு அந்த வீடு மட்டும்தான் இருக்கிறது.

மற்ற நம்பிக்கைகள், விரைவாக

நம்பிக்கை: தேக்கு உத்திரத்தின் மேல் சுண்ணாம்புக் காரை போட்ட மெட்ராஸ் டெரஸ் தளம் ஒழுகினால் மேலே ஒரு கான்கிரீட் போட்டுவிடலாம்.
உண்மை: 4 அங்குல கான்கிரீட் ஒரு சதுர அடிக்கு 23 கிலோவுக்கும் மேல். 200 சதுர அடி அறையின் தலையில் நாலரை டன்னுக்கும் மேலான எடையைக் கூடுதலாக ஏற்றுகிறீர்கள். கீழே தாங்குவது நூறு வருஷத் தேக்கு உத்திரங்கள். மேல்தளத்துச் சதுர ஓட்டைப் பெயர்த்துச் சுண்ணாம்புக் காரையைச் சீர்செய்வதுதான் வழி. இது தானே செய்து பார்க்கும் வேலையும் அல்ல.

நம்பிக்கை: பர்மா தேக்கைக் கரையான் தொடாது.
உண்மை: வைரம் பாய்ந்த நடுமரத்தைத் தொடத் தயங்கும். வெளிப்புற வெண்மரத்தைத் தின்னும். அதைவிட ஆபத்து, சுவருக்குள் புதைந்திருக்கும் உத்திர முனைகள். சுவர் ஈரம் கோத்தால் அந்த முனை உளுத்துப்போகும், வெளியே தெரியாது. சிமென்ட் பூசினால் சுவர் ஏன் ஈரம் கோக்கும் என்று மேலே சொல்லியாயிற்று.

நம்பிக்கை: சுண்ணாம்புக் கலவையில் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்ப்பது வெறும் பாட்டி கதை.
உண்மை: கதையல்ல. திருச்சூர் வடக்குநாதர் கோயிலின் பழைய கலவையில் சேர்ந்திருந்த தாவரப் பொருள்களை வேலூர் விஐடி ஆய்வாளர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். அந்தக் கோயிலின் புனரமைப்புக்கு 2015-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் உயரிய விருதும் கிடைத்தது. ஆனால் அளவு தெரியாமல் அண்டா அண்டாவாக ஊற்றினால் சுவரில் எறும்புதான் ஊரும்.

நம்பிக்கை: கலவையில் முட்டை ஊற்றினால்தான் செட்டிநாட்டுச் சுவரின் பளபளப்பு வரும்.
உண்மை: பளபளப்பு வருவது மாவாக அரைத்த சுண்ணாம்பாலும், பல பூச்சுகளாலும், கல்லால் தேய்க்கிற தேய்ப்பாலும். வெள்ளைக்கரு கடைசி மெல்லிய பூச்சுக்கான சேர்மானம். அடிக்கலவையில் முட்டை உடைப்பவர்கள் ஆம்லெட் போட்டுச் சாப்பிடலாம்.

நம்பிக்கை: ஆத்தங்குடிக் கல் மங்கினால் ஆசிட் ஊற்றித் தேய்க்கலாம்.
உண்மை: அந்தக் கல் சிமென்ட், மணல், நிறப்பொடி கொண்டு கண்ணாடி மேல் வார்த்தது. ஆசிட் அதைத் தின்றுவிடும். தண்ணீரில் துடைத்து, தேங்காய் எண்ணெய் சிறிது தொட்டுத் துணியால் தேய்த்து வாருங்கள்.

நம்பிக்கை: பழைய செவ்வாக்சைடு தரை மேல் டைல்ஸ் ஒட்டினால் வேலை முடிந்தது.
உண்மை: தரைவழியே கொஞ்சம் கொஞ்சமாகப் போன ஈரம் இனி சுவரைத் தேடி வரும்.

நம்பிக்கை: கதவு, ஜன்னலின் பழைய பெயின்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் போதும்.
உண்மை: வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது என்று இந்தியாவில் விதி வந்ததே 2016-ல்; நடைமுறைக்கு வந்தது 2017-ல். அதற்கு முந்தைய பெயின்டில் ஈயம் இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உலரத் தேய்த்தால் தூளாகப் பறக்கும், குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். நனைத்துத் தேயுங்கள், முகமூடி போடுங்கள். நெருப்புக் காட்டி உரிக்கவே கூடாது.

நம்பிக்கை: நடுச்சுவரை எடுத்துவிட்டால் கூடம் பெரிதாகும்.
உண்மை: பழைய வீட்டில் தூண் சட்டகம் கிடையாது, சுவர்தான் பாரத்தைச் சுமக்கிறது. கூடம் பெரிதாகும் முன் மாடி கீழே வரலாம்.

நம்பிக்கை: நூறு வருஷம் நின்றது, ஒன்றும் செய்யாவிட்டாலும் நிற்கும்.
உண்மை: புதுச்சேரிக் கடற்கரையில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து நின்ற மேரி என்னும் நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. சுவர் இடுக்கில் முளைக்கும் அரசங்கன்றைக் கையால் பிடுங்கும் பருவத்தில் பிடுங்காவிட்டால், பிறகு சுவரோடு சேர்த்துத்தான் பிடுங்க வேண்டும்.

ஆள் எங்கே?

இவ்வளவும் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி சார், சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச கொத்தனார் எங்க இருக்கார்?" என்பார்கள். இந்தக் கேள்விக்கு மட்டும் நான் கோபப்பட மாட்டேன். நியாயமான கேள்வி.

சுண்ணாம்பு கலக்கத் தெரிந்தவர்களுக்கு வயதாகிவிட்டது. அவர்கள் பிள்ளைகள் சென்டரிங் வேலைக்கும் வளைகுடாவுக்கும் போய்விட்டார்கள். கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கும் சூளைகள் அணைந்து வருகின்றன. பையில் அடைத்த வெள்ளைத் தூளைச் சுண்ணாம்பு என்று விற்கிறார்கள். எப்போது நீற்றியது என்று யாருக்கும் தெரியாது. சென்னை ஐஐடியில் பாரம்பரியக் கட்டுமானங்களின் பாதுகாப்புக்கென்றே ஒரு தேசிய மையம் இருக்கிறது. அங்கே இருக்கும் அறிவு கரண்டி பிடிக்கிற கைக்கு வந்து சேர்வதில்லை.

தமிழ்நாட்டில் ஒவ்வொரு அரசு ஐடிஐ வளாகத்திலும் ஒரு சுண்ணாம்புக் குழி வெட்டுங்கள் என்று நான் போகிற மேடையிலெல்லாம் கேட்டுவருகிறேன். பத்தடிக்கு ஆறடி இடம் போதும். கட்டுமானப் பயிற்சிக்கு வரும் பிள்ளை சிமென்ட் கலவையோடு இதையும் கற்கட்டும். பழைய நீதிமன்றங்களையும் கல்லூரிகளையும் அரசு சீரமைக்கும்போது, அந்த வேலையிடத்தில் இந்தப் பிள்ளைகளை உதவித்தொகை கொடுத்து நிறுத்தட்டும். முதிய மேஸ்திரிகளை ஆசிரியர்களாக உட்காரவைக்கட்டும். கோயிலும் வீடும் மண்டபமுமாக இத்தனை சுண்ணாம்புக் கட்டடங்கள் உள்ள ஒரு மாநிலத்தில், அவற்றைப் பராமரிக்கத் தெரிந்த இளைஞனைத் தேடி அலைய வேண்டியிருப்பது வெட்கக்கேடு.

அது நடக்கும் வரை, நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. ஊரில் சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு பெரியவரைக் கண்டுபிடித்து, கூலி கொடுத்து உட்காரவைத்து, அவர் சொல்லச் சொல்ல நீங்களே கலக்குங்கள், நீங்களே பூசுங்கள். தன் கையால் செய்ய வேண்டும் என்ற ஆசைக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது. அப்படி ஒருவர் கிடைக்கும் வரை சுவர் பொரிந்தால் பொரியட்டும், கூட்டித் தள்ளுங்கள். சிமென்ட் மூட்டையை மட்டும் வாசற்படி தாண்ட விடாதீர்கள்.